ஏலப்பூவை மேலே வரைந்த வகுப்பு

ஒரு பாதி சிவப்பும் மறு பாதி நீலமுமாக ஒரு ரப்பர் அப்போது என்னிடம் இருந்தது. சிவப்புப் பக்கம் பென்சிலை அழிக்க, நீலப் பக்கம் மையை அழிக்க. நீலப் பக்கம் மணல் கலந்ததுபோலச் சொரசொரவென்று இருக்கும். கொஞ்சம் அழுத்தினால் தாளையே தின்றுவிடும். உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தை ஒட்டியிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பில், எட்டு வயதுப் பெண் ஒருத்தியின் நோட்டில் அந்த நீலப் பக்கத்தை வைத்து நான் தேய்த்தேன். தாள் கிழிந்தது. ஓட்டை வழியாக அடுத்த பக்கத்தில் எழுதியிருந்த கூட்டல் தெரிந்தது. நான் எதை அழித்தேன் என்பதையும், அழித்தது தப்பு என்று தெரிந்த பிறகும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும் என்று ஒரு வாரமாக மனம் அரித்துக்கொண்டிருக்கிறது. காரணம் என் மகள். அதைப் பிறகு சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

எனக்கு அப்போது இருபது வயது. இந்த எழுபதுகள் தொடங்கிய சமயம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, நெல்லும் நிலக்கடலையும் விளைகிற ஊரில் பிறந்து வளர்ந்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்ததும் வேலை மலையில்தான் கிடைத்தது. ஏலக்காயை அதுவரை அஞ்சறைப்பெட்டியில்தான் பார்த்திருந்தேன். ஆனால் குழந்தைகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் கற்பனை தானாக வளர வேண்டும், அது தன் கண்ணால் கண்டதை வரைய வேண்டும், ஆசிரியர் குறுக்கே நிற்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். அந்தக் கேள்விக்குப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். இன்று நினைத்தால் அந்த இரண்டு பக்கம்தான் அதிகமாகக் கூச வைக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி அது நடுவில் நிற்கிறது.

ஆடி மாதத்து மழையில் வகுப்பறைக்குள் பகலிலேயே இருட்டிவிடும். பிள்ளைகள் கம்பளித் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு, கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிகளைப் பார்வையிட வரும் ஏ.ஈ.ஓ. அடுத்த மாதம் வரப்போகிறார், சுவரில் மாட்டப் பிள்ளைகளின் படம் வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்ததெல்லாம் தென்னை, படகு, கடற்கரை. அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடக் கடலைப் பார்த்ததில்லை. நான் படித்ததை நினைவில் வைத்து, "புஸ்தகத்தப் பாக்க வேண்டாம். உங்க ஊர்ல இருக்கற செடி ஒண்ண வரைங்க" என்றேன். அதுவரை நான் செய்தது சரிதான். அதையும் சொல்லிக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது.

அந்தப் பெண்ணின் அம்மா தோட்டத்தில் காய் எடுக்கிறவர். அப்பா எடை போடும் இடத்தில் மூட்டை தூக்கினார். அங்கே தேய்ந்துபோய் யாரோ தூக்கியெறிந்த பென்சில் துண்டு ஒன்றை மகளுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக எழுதும் பென்சில். அதனால் அவளுடைய கீழுதடு எப்போதும் ஊதாவாகவே இருக்கும். அன்று அவள் ஓர் ஏலச்செடி வரைந்தாள். நீள நீளமாக, வாள் மாதிரி இலைகள். அவற்றை வேகமாக முடித்துவிட்டுத் தாளின் அடிப்பக்கத்துக்குப் போனாள். செடியின் தூரிலிருந்து நூல்போல நாலைந்து கோடுகளைத் தரையோடு தரையாக ஓடவிட்டு, அவற்றின்மேல் பூக்கள். ஒவ்வொரு பூவின் நடுவிலும் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு மெல்லிய ஊதாக் கோடுகள். முதுகை வளைத்து, மூக்கு தாளில் இடிக்கிற மாதிரி குனிந்து அவள் வரைந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கு அது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றியது.

"என்ன இது, பூவெல்லாம் மண்ணுல கெடக்குது?" என்றேன்.

"இங்கனதான் டீச்சர் பூக்கும்" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

"தரையில பூத்தா அத்தனையும் மிதிபட்டுப் போகாதா? பூன்னா மேலதான் இருக்கும்" என்று சொல்லி ரப்பரை எடுத்தேன். எங்கள் ஊரில் நெல் மேலேதான் கதிர் விடும். என் கண்ணில் இருந்த செடி அதுதான். ஊதா அழியவில்லை, ஈரமாகிப் பரவியது. இன்னும் அழுத்தினேன். அப்போதுதான் கிழிந்தது. கிழிசலை அப்படியே விட்டுவிட்டு, அவள் வரைந்த இலைகளுக்கு உச்சியில் நானே ஒரு கதிரைப் போட்டுக் காட்டினேன்.

வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். இருபத்தெட்டுப் பேருடைய வீட்டிலும் யாராவது ஒருவர் ஏலத்தோட்டத்தில் குனிந்து காய் எடுக்கிறவர். ஏலம் எங்கே பூக்கும் என்று அந்த அறையில் தெரியாதவள் நான் ஒருத்திதான். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். பிறகு ஏலம் வரைந்திருந்த மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் படத்தில் கீழே இருந்ததை எச்சில் தொட்டு அழித்துவிட்டு, மேலே கதிர் போட்டார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களாகவே செய்தார்கள். நான் அதைப் பார்த்து, பரவாயில்லை, சொன்னதைக் கேட்டுக்கொள்கிற வகுப்பு என்று சந்தோஷப்பட்டேன்.

ஏ.ஈ.ஓ. வந்தார். அவரும் கீழ்நாட்டுக்காரர். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஏலச்செடிகளைப் பார்த்து, "கொள்ளாம், கொள்ளாம். டீச்சருக்கு நல்ல டேஸ்ட்" என்றார். பார்வைப் புத்தகத்திலும் நல்லபடி எழுதிவிட்டுப் போனார். அன்று அதைப் பெருமையாக ஊருக்குக் கடிதம் எழுதினேன்.

புரட்டாசியில் காய் எடுப்பு மும்முரமானது. அந்தப் பெண் மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. அவளைப் பற்றிக் கேட்டுவரலாம் என்று தோட்டத்துக்குள் இறங்கினேன். பெரிய மரங்களின் நிழலில், ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்த ஏலச்செடிகளுக்கு நடுவே, பெண்கள் முதுகு மட்டும் தெரிகிறபடி குனிந்திருந்தார்கள். எல்லோருடைய கையும் தரையில் இருந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. களை பிடுங்குகிறார்களோ என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் அம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க டீச்சர். பாத்து, வழுக்கும். சரத்த மிதிச்சுராதீக" என்றார். காலடியில் பார்த்தேன். செடியின் தூரிலிருந்து நூல்போலச் சரங்கள் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தன. பச்சைக் காய்கள். இடையிடையே வெள்ளைப் பூக்கள். ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஊதாக் கோடுகள்.

"இது கீழயா பூக்குது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வேறு ஏதாவது பேசியிருக்கலாம்.

சற்றுத் தள்ளிக் குனிந்திருந்த ஒரு பெண், "ஏன் டீச்சர், உங்க ஊர்ல ஏலக்கா மரத்துல காய்க்குமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு பெண், "டீச்சர் ஊர்ல ஏணி வச்சுப் பறிப்பாகடி. நம்மள மாதிரி இடுப்பொடியக் குனிய வேணாம்" என்றார். அதற்கும் சிரிப்பு.

அந்தப் பெண்ணின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா கெடங்கடி" என்று அவர்களை அடக்கிவிட்டு என்னிடம், "எங்க காட்டுச் செடிக்கு என்ன தெரியும் டீச்சர்? பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்குனதா, என்ன?" என்றார். எனக்காகச் சொன்ன சமாதானம் அது. நான் அத்தோடு விட்டிருக்கலாம். "உங்க பொண்ணு உங்ககிட்டச் சொல்லலீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னா டீச்சர். நோட்டக் கொண்டாந்து காமிச்சு ஒரே அழுக. நீயே சொல்லும்மா, கீழதானம்மா பூக்கும்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நாந்தான் முதுகுல ரெண்டு வச்சேன். டீச்சர் படிச்சவுக, அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும், சொன்னபடி போடுன்னு சொல்லிப்புட்டேன்."

விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்தப் பூவுக்குப் பக்கத்திலேயே கையை வைத்திருக்கிற அம்மா. தன் கையில் இருந்ததையே இல்லை என்று மகளிடம் சொல்லிவிட்டார். நான் படித்தவள் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. என் பிள்ளையாக இருந்தால் இப்படிச் செய்வேனா என்று அந்தச் சரிவில் ஏறி வரும்போது நினைத்தேன். இருபது வயதில் கோபத்தை எடுத்து அடுத்தவர்மேல் வைத்துவிடுவது எவ்வளவு சுலபமாக இருந்தது.

மறுநாள் ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். அவர் நல்லவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "உள்ளதுதாம்மா, கீழதான் பூக்கும். எனக்கும் தெரியும். நான் சுவத்துல பாத்தப்பவே நெனச்சேன்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "ஏ.ஈ.ஓ. பாத்து நல்லாருக்குன்னு எழுதியாச்சு. இப்ப எல்லாத்தையும் கழட்டுனா, அவரத் தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிரும். கெடக்கட்டும். வருசம் முடிஞ்சா தானா கிழிஞ்சு போகும்" என்றார். வகுப்பில் எழுந்து நின்று, நான் சொன்னது தப்பு என்று சொல்ல ஹெட்மாஸ்டரின் அனுமதி எதற்கு என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அப்போது அவர் சொன்னது பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்தப் பெண் வகுப்புக்குத் திரும்பி வந்ததும் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே நீ பூவக் கீழயே வரையலாம்" என்றேன். வரையலாம் என்றுதான் சொன்னேன். நான் தப்பு செய்தேன் என்று சொல்லவில்லை. ஏதோ சலுகை கொடுப்பதுபோல. அவள் என்னைத் தேற்றுவதுபோல, "பரவால்ல டீச்சர். பள்ளிக்கூடத்துல மேலயே போடுறேன். காட்டுல கீழ இருந்துட்டுப் போகுது" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. எட்டு வயதுக்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்: பள்ளிக்கூடம் ஒரு நாடு, தோட்டம் ஒரு நாடு, ஒன்றின் உண்மை மற்றதில் செல்லாது. அதன் பிறகு அவள் படங்கள் சுத்தமாக இருந்தன. தென்னை, படகு, இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியன். புத்தகத்தில் இருந்தபடியே. எல்லாவற்றுக்கும் நான் 'நன்று' போட்டேன். பங்குனிக்குள் அவள் உதட்டில் ஊதா நிறம் மறைந்துவிட்டது. பென்சில் தீர்ந்துபோயிருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த வயதில் வரைவதை விட்டுவிடுகிறார்கள், என்னால்தான் என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் நினைப்பேன். அடுத்த நிமிஷமே, வேறு யாரால் என்று கேட்டுக்கொள்வேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, போடிமெட்டு வழியாக பஸ்ஸில் இறங்கி வந்தேன். அவளைத் திரும்பப் பார்க்கவில்லை.

இப்போது வாளையாரில் இருக்கிறோம். கணவருக்கு ரயில் நிலையத்தில் வேலை. மகள் இரண்டாம் வகுப்பு, தமிழ் டிவிஷன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை வழி முழுக்க லாரிகள்தான். சோதனைச் சாவடியில் தங்கள் முறைக்காக வரிசையாக நிற்கும். லாரிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்குவார்கள். இரண்டு லாரிகளுக்கு நடுவே கயிறு கட்டித் துணி காயப்போடுவார்கள். போன வாரம் டீச்சர் 'சாலையில் ஒரு வண்டி' என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார். மகள் இரண்டு லாரி, நடுவே கயிறு, கயிற்றில் துணிகள், அடியில் ஒரு பானை என்று வரைந்திருக்கிறாள். துணிகளெல்லாம் ஒரே பக்கமாகப் பறக்கின்றன. இங்கே அடிக்கிற காற்று அப்படி. டீச்சர் கயிற்றின் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டு, 'வண்டியில் துணி காயாது. திருத்தி வரைக' என்று எழுதிவிட்டார்.

மகள் நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். "ஏம்மா, அந்த அண்ணங்க துணி காயப்போட்டாங்கல்ல? நாம பாத்தோமல்ல?" என்றாள். தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். கை மாவில் இருந்தது, கணவருக்குச் சாப்பாட்டு நேரம். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும், சாமி. சொன்னபடி போடு" என்றேன். அடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சொன்ன பிறகுதான் அந்தத் தோட்டச் சரிவு ஞாபகம் வந்தது. அந்த அம்மாவுக்காவது படிப்பு இல்லை. எனக்கு என்ன சாக்கு?

கணவரிடம் சொன்னேன். "இதென்ன பெரிய விசயம்? ஒரு கயித்த அழிச்சுப்போட்டு வேற போடச் சொல்லு" என்றார். ஏலத்தோட்டத்துக் கதையை அவரிடம் முதல்முறையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அங்க செஞ்சதுக்கு இங்க போயி டீச்சரோட மல்லுக்கு நிக்காதே. நாளைக்குப் புள்ள மேலதான் காட்டுவாங்க" என்றார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. போகலாமா வேண்டாமா என்று ஐந்து நாள். போகாவிட்டால் மகள் இரண்டு நாடுகளில் வாழக் கற்றுக்கொண்டுவிடுவாள். போனால், அம்மாவை அழைத்து வந்து டீச்சரைத் தலைகுனிய வைத்த பிள்ளை என்று ஆகிவிடுவாள். ஐந்து நாளும் அந்தப் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேன். சொல்ல வேண்டியதை வரிசையாக மனத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். கற்பனை, கவனிப்பு, குழந்தையின் கண் என்று அந்தப் பரீட்சைத் தாளில் எழுதியதெல்லாம் திரும்பி வந்தது.

நேற்று இடைவேளையில் போனேன். டீச்சருக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். பாலக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். மேசையில் ஐம்பது நோட்டுகள் அடுக்கியிருந்தன. "வாங்கக்கா. என்ன, பிள்ளைக்குச் சுகமில்லையா?" என்று எழுந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் எழுதி வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "நானும் ஒரு காலத்துல டீச்சரா இருந்தவதானுங்க" என்று ஆரம்பித்து, ஏலப்பூவைத்தான் சொன்னேன். ரப்பர், ஓட்டை, ஏ.ஈ.ஓ., காய் எடுத்த பெண்கள் சிரித்தது, நான் கடைசிவரை வகுப்பில் சொல்லாமலே வந்தது, எல்லாம்.

டீச்சர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். "அய்யோ, ஏலக்கா கீழயா காய்க்கும்? எனக்கும் இப்பத்தான் தெரியும் அக்கா!" என்றார். பிறகு அடுக்கிலிருந்து என் மகளின் நோட்டை எடுத்தார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "காலைல பஸ்ஸுல நிக்கவே எடமிருக்காது. வெளிய எங்க பாக்க? லாரில துணி காயப்போடுவாங்கன்னு சத்தியமா தெரியாதக்கா" என்றார். "ஆனா நோட்டுல மை போட்டாச்சு. அத இனி ஒண்ணும் செய்ய முடியாது." சொல்லிவிட்டு, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என் மகளைக் கூப்பிட்டார். நோட்டை அவள் முன்னால் விரித்து, "மோளே, இது யாரோட துணி?" என்று கேட்டார்.

மகள் என்னைத்தான் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. அது எனக்கு எங்கேயோ பட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இது டிரைவர் அண்ணனோட லுங்கி. இது கிளீனர் அண்ணனோட சட்டை, பட்டன் இல்ல" என்று அவள் குரல் மெதுவாக ஆரம்பித்தது. "இது பானை தொடைக்கிற துணி. இது சின்னக் கவுன்."

"லாரியில யாருக்குக் கவுனு?"

"அந்த அண்ணனோட பாப்பாவுக்கு. புதுசு வாங்கிட்டுப் போறாங்க. சாயம் போகுதான்னு தொவைச்சுப் பாக்கறாங்க. போச்சுன்னா கோயமுத்தூர்ல மாத்திக்குவாங்களாம். அந்த அண்ணன் எங்கிட்டச் சொன்னாங்க."

"அப்புறம் சாயம் போச்சா?" என்றார் டீச்சர். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"கொஞ்சூண்டு" என்றாள் மகள். மணி அடித்தும் பேசிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு நிம்மதி வரவில்லை. மகளுக்காகப் பேசப் போனவள் நான். ஐந்து நாள் அந்தப் படத்தைக் கையில் வைத்திருந்தேன். சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். துணிகள் காற்றில் பறப்பது எவ்வளவு அழகு என்று பார்த்தேன். அதை வைத்து டீச்சரிடம் என்ன சொல்லலாம் என்று பார்த்தேன். அந்தத் துணிகளில் ஒன்று குழந்தையின் கவுன் என்பதைப் பார்க்கவில்லை. யாருடையது என்று அவளிடம் கேட்கவும் இல்லை. அந்த டீச்சர்தான் கேட்டார்.

நான் கேட்கத் தெரியாதவள் என்பது தெரிந்த பிறகு வேறொன்றும் ஞாபகம் வருகிறது. அந்த ஏலச்செடியின் அடியில், பூக்களுக்குப் பக்கத்தில், அந்தப் பெண் சின்னதாக ஒரு வட்டமும் வட்டத்துக்குள் இரண்டு புள்ளிகளும் வரைந்திருந்தாள். வண்டா, தரையில் உட்கார்ந்திருக்கும் அவளுடைய தம்பியா, அம்மா கழற்றி வைத்த கூடையா, தெரியாது. பூவோடு சேர்த்து அதையும் தேய்த்துவிட்டேன்.